உங்க ஊர்ல கரண்ட் வந்துச்சா இல்லியா

வடக்குப்பட்டு
21-2-1991

சிரஞ்சீவி மைத்துனன் ஜீவானந்தத்துக்கு, உன் அக்காள் புருஷன் நாகப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் ராஜம்மாவும் க்ஷேமம். கறவை மாடும் க்ஷேமம். அவ்விடம் நீயும், உன் சம்சாரம் கலைமதியும், நாங்கள் இன்னும் கண்ணால் காணாத குழந்தை திருமலையும் க்ஷேமமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். ஆவல் என்பது மரியாதைக்காக எழுதியது. எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு நீ மட்டும் அமெரிக்காவில் இல்லாமல் ஒரகடத்தில் இருந்திருந்தால், முதுகில் நாலு வைத்துவிட்டுத்தான் க்ஷேமம் விசாரித்திருப்பேன்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி நீ எழுதிய கடிதம் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கிடைத்தது. ‘அக்கா, ஐஸ் மழை பெய்து, கனம் தாங்காமல் கம்பி அறுந்து, கரண்ட் போய் ரெண்டு நாள் ஆகிறது, வீட்டுக்குள்ளேயே மூச்சு விட்டால் புகை வருகிறது, குழந்தையை மூன்று போர்வையில் சுற்றி ஆள் மாற்றி ஆள் மடியில் வைத்திருக்கிறோம், போன மாச கரண்ட் பில்லே நம் ஊரில் ஒரு மாடு வாங்கும் காசு, கரண்ட் வந்ததும் எழுதுகிறேன்’ என்று எழுதினாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வரி கிடையாது. முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறி லைன்மேனாக ரிட்டையர் ஆனவன் கேட்கிறேன், ஐஸு கம்பி மேல உட்கார்ந்து கனம் தாங்காம கம்பி அறுந்துடுச்சுன்னு எழுதறியே, யாருக்கு மச்சான் காது குத்தற? இங்க மார்கழிப் பனியில கம்பத்துப் பீங்கான் நனைஞ்சு லைன் ட்ரிப் ஆவும், காக்கா குறுக்க உட்கார்ந்தா ஃபியூஸ் போவும், அது நியாயம். சரி, அறுந்துச்சுன்னே வெச்சுக்குவோம். சந்திரனுக்கு ஆள் அனுப்பற ஊர்ல கம்பத்துக்கு ஒரு ஆள் அனுப்ப முடியலியா? எங்க ஹெல்பர் சுப்பன் கையில ஒரு ஏணியும் ஒரு டீயும் குடுத்திருந்தா பொழுது சாயறதுக்குள்ள இழுத்துக் கட்டிட்டு வூட்டுக்குப் போயிருப்பான்.

அந்தக் கடுதாசிய ஒரு எழுத்து விடாம உங்கக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன் பாரு, அங்கதான் எனக்குச் சனி புடிச்சுது. எல்லாரும் நலம்னு ஒரு வரி சொல்லிட்டு மடிச்சு வெச்சிருக்கணும். ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுகினேன். அவ அன்னைக்கே மஞ்சத் துணியில ஒண்ணேகால் ரூபா முடிஞ்சு செல்லியம்மன் முன்னாடி வெச்சு, ‘என் தம்பி வூட்டுல கரண்ட் வந்துச்சுன்னு சேதி வர்ற வரைக்கும் என் வூட்டுல மூணு விளக்கு அணையாது தாயி’ன்னு வேண்டிகினு வந்துட்டா. எண்ணெய் விளக்கா இருக்கும், போவட்டும்னு விட்டுட்டேன். கரண்ட் போன எடத்துக்கு எண்ணெய் விளக்கு எப்படிச் செல்லும், பல்புதான் எரியணுமாம். கூடத்துல எரியறது நீ. சமையக்கட்டுல எரியறது உன் சம்சாரம். ரூமுல புள்ளை. புள்ளைக்கு ஜீரோ வாட்ஸ் போதும்டின்னேன். ‘குளுருல நடுங்கறதே அதுதான், அதுக்குப் போயி பிச்சைக்காரத்தனமா பாக்கறியா’ன்னு மூணுத்துக்கும் நூறு வாட்ஸ் மாட்ட வெச்சா. ராவும் பகலும் எரியுது. நாப்பத்தி மூணு நாளா நான் மூஞ்சி மேல துண்டு போட்டுகினு தூங்கறேன். எங்க பக்கமே கரண்ட் போனா இன்னா பண்ணுவேன்னு கேட்டேன். ‘ஸ்விட்சு போட்டபடி கீது, என் மேல தப்பு இல்ல’ன்னுட்டா.

கரண்ட் போறது கூடத் தேவல மச்சான். சாயங்காலம் சுத்துப்பட்டுல கீற பம்ப்செட்டு எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடுவானுங்க, வோல்டேஜ் இறங்கி பல்பு பூசணிப்பூ கணக்கா மஞ்சளாப் பூடும். உடனே இவ ரூமுக்குள்ள ஓடுவா. ‘ஐயோ, மங்குது பாரு, புள்ளைக்கு மேலுக்கு சொகமில்ல போல கீது, போயி கேளு’ன்னு அழுவா. யாருகிட்ட போயி கேக்கறது? சப் ஸ்டேஷன்ல என் கிட்ட வேலை கத்துகினவன் ஆபரேட்டரா உட்கார்ந்துகினு கீறான். ‘என் மச்சான் புள்ளைக்கு உடம்பு சரியில்ல, கொஞ்சம் வோல்டேஜ் ஏத்துப்பா’ன்னு ஒரு மனுஷன் வாயத் தொறந்து கேக்க முடியுமா? கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன். ரெண்டாவது வாட்டி அவன் எனக்கு சோடா வாங்கிக் குடுத்து, தொணைக்கு ஒரு ஆள் போட்டு வூட்டுக்கு அனுப்பி வெச்சான்.

போன வாரம் நரசிம்மன் மீட்டர் பாக்க வந்தான். ஒரு காலத்துல என் ஏணியத் தூக்கிகினு பின்னாடி வந்தவன். மீட்டரப் பாத்தான், ரீடிங் எழுதற வெள்ளை அட்டையப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான். ரெண்டு மாசத்துக்கு முப்பது யூனிட்டு ஓடற வூட்டுல முன்னூறு கிட்ட ஓடிக்கீது. ‘அண்ணே, உள்ள லேத்து கீத்து போட்டுகினியா?’ன்னான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்கு நட்டு போல்டு கடைஞ்சு குடுக்கறவனுங்க சில பேரு வூட்டுக் கரண்டுலயே லேத்து ஓட்டறானுங்க, அந்தக் கும்பல்ல என்னையும் சேத்துட்டான். மறுநாளு இஞ்சினியரு ஏ.ஈ. சாரே ஜீப்புல வந்துட்டாரு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு. ஆட்டுக்கல்லு மேல மூடியிருந்த கோணிய எடுத்துப் பாத்தாரு. ‘பட்டப்பகல்ல எதுக்கும்மா மூணு லைட்டு?’ன்னாரு. உங்கக்கா இன்னா சொன்னா தெரியுமா? ‘அமெரிக்காவுல எரியல சார், அதான் இங்க எரியுது.’ அந்த மனுஷன் அத்த அப்படியே நோட்டுல எழுதிகினு போனாரு. கறை படாம ரிட்டையர் ஆன எனக்கு இது தேவையா?

நான் சும்மா கையக் கட்டிகினு இருந்தேன்னு நெனைக்காத. ‘பேப்பர்ல போட்டுக்கீறான், அமெரிக்கா முழுக்க கரண்ட் வந்துடுச்சாம்’னு ஒரு பொய்யும் சொல்லிப் பாத்தேன். ‘தம்பி கையெழுத்தக் காட்டு, அணைக்கறேன்’னுட்டா. சைக்கிள மிதிச்சுகினு ஸ்ரீபெரும்புதூரு பூத்துக்குப் போயி, நீ குடுத்த நம்பர்ல போன் போடச் சொன்னேன். யாரோ ஒரு பொம்பள இங்கிலீஷ்ல கடகடன்னு ஏதோ சொன்னா, நான் நாகப்பன் பேசறேன், நாகப்பன் பேசறேன்னு கத்தறேன், அவ பாட்டுக்குச் சொன்னதையே சொல்லிகினு கீறா. அது மெஷினாம், லைன் கெட்டுப் போச்சுன்னு சொல்லுதாம், பூத்துக்காரன் சொன்னான். மெஷின் கிட்ட பேசினதுக்கும் காசு வாங்கிகினான். வூட்டுக்கு வந்து லைன் பிஸின்னு சொல்லி வெச்சேன். உங்கக்கா பாதி நாளு சாப்புடறது இல்ல. சோத்தப் பெசைஞ்சு வெச்சுகினு ரூமு பல்பையே பாத்துகினு கீறா. எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்ல மச்சான்.

ஆகவே கண்டிப்பாக எழுதுகிறேன். இந்த மாச பில் இருநூற்றுச் சொச்சம் ரூபாயையும் நீதான் அனுப்ப வேண்டும். வேண்டுதல் உன் பேரில், செலவு மட்டும் என் பென்ஷனிலா? வருஷப் பிறப்புக்குள் உன் கடிதம் வராவிட்டால் மூன்று பல்பையும் என் கையாலேயே கழற்றிக் கிணற்றில் வீசிவிடுவேன். செல்லியம்மன் கண்ணைக் குத்தினாலும் சரி, உன் அக்காள் பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்றாலும் சரி. பிறந்த வீட்டில் யாரும் இல்லை, நீ அமெரிக்காவில் போய் உட்கார்ந்துகொண்டாய். இது நாகப்பன் வாக்கு, மாறாது.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், குளிர் காய்ச்சல் அண்டாமல், பதினாறும் பெற்று நன்றாக இருக்க செல்லியம்மன் துணை நிற்பாளாக. கலைமதிக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
நாகப்பன்

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு சோத்துப் பருக்கை எடுக்க எழுந்தேன் மச்சான், ரூமுல கீற பல்பு ‘டப்’புன்னு போயிடுச்சு. புள்ளையோட பல்பு. இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். நல்ல வேளை, உங்கக்கா கோயிலுக்குப் போயிருந்தா. இங்க கடையில நாப்பது வாட்ஸுதான் கீதுன்னான். சட்டை கூடப் போடாம சைக்கிள எடுத்துகினு படப்பை வரைக்கும் மிதிச்சு, நூறு வாட்ஸு வாங்கியாந்து, அவ தெருமுனை திரும்பறதுக்குள்ள மாட்டிட்டேன். எத்தனையோ கம்பம் ஏறியிருக்கேன், மழையில ஏறியிருக்கேன், ஒரு சாமியையும் கூப்ட்டது இல்ல. ஸ்டூல் மேல ஏறி ஒரு பல்பு மாட்டறதுக்கு செல்லியம்மனக் கூப்ட்டேன். அவளுக்குத் தெரியாது, நீயும் எழுதிடாத. அப்படியே கையோட கையா இன்னும் ரெண்டு பல்பு வாங்கி பரண் மேல ஒளிச்சு வெச்சுக்கீறேன். மேல எழுதின எதையும் மனசுல வெச்சுக்காத. பில்ல நான் கட்டிக்கறேன், எவ்ளோ வந்தாலும் கட்டிக்கறேன். இந்தக் கடுதாசி கைக்கு வந்த நிமிஷமே தந்தி அடி. கரண்ட் கெடக்குது கழுதை, புள்ள எப்படி கீறான்?