முன் சீட்டில் யாரை உட்கார வைப்பது

சாப்பாட்டு மேஜையில் கிடந்த தாளைப் பார்த்ததும் மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். காரின் படம், முன் இருக்கையில் 'மனைவி' என்ற எழுத்து, நெஞ்சில் ஒரு சிவப்பு வட்டம்.

அவர் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மதிப்பீட்டாளர். யார் எந்த இருக்கையில் இருந்தார், எங்கே அடி என்று படத்தில் குறிப்பதுதான் பிழைப்பு. வாங்க நினைத்த இரண்டு எஸ்யூவிகளின் மோதல் சோதனை முடிவுகளை ஒப்பிடும்போதும், பழக்கதோஷத்தில் கை வீட்டு ஆட்களை உள்ளே உட்கார வைத்துவிட்டது. வெள்ளைக் காரில் முன்னால் இருப்பவருக்கு நெஞ்சில் அடி. சாம்பல் நிறக் காரில் பின்னால் இருப்பவருக்குக் கழுத்தில்.

பழைய காரை மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அது மின்கம்பத்தில் மோதி, பக்கத்தில் இருந்த மாமனாருக்கு ஒரு கால் முழங்காலோடு போயிற்று. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். பத்திரமான கார் எது என்று காட்டாதவரை, தானும் மகளும் அவர் ஓட்டும் வண்டியில் ஏறுவதில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அவளைச் சமாதானப்படுத்த, வெள்ளைக் காரின் முன் இருக்கைக்கு மாமனாரை மாற்றி எழுதினார். மாமனார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இன்னொரு கால் சும்மாதானே இருக்குன்னு பாத்தீங்களா, மாப்பிள்ளை?"

அலறியடித்துக்கொண்டு சாம்பல் நிறக் காருக்குத் தாவினார். அதில் கழுத்தில் சிவப்போடு மகள் உட்கார்ந்திருந்தாள். மனைவி அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

கடைசியில், வெள்ளைக் காரையே வாங்கி அவள் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும், அந்தச் சிவப்பு இருக்கையில் நானே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். பெரிய தியாகி என்ற நினைப்பு.

"அப்பா கால் போனது போதாதா? உங்களைக் கொன்ன பழி வேற எனக்கு வரணுமா?"

அவள் அழுதாள். அவரும் அழுதார். அது நிஜமான அழுகைதான்.

சனிக்கிழமை எல்லோரும் கார் ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனையாளர், ஆட்களுக்குப் பதில் பொம்மைகளை உட்கார வைத்துக் காரை மோதவிடும் சோதனை வீடியோவைப் போனில் காட்டி, பெல்ட் போட்டால் இரண்டுமே நல்ல வண்டிதான் என்று அடித்துச் சொன்னார். மனைவி வெகுநேரம் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் கையைப் பிடித்தாள்.

"நாய் வந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? வெள்ளையே வாங்கலாம்."

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. அதற்குள் மகள் எக்கி நின்று போனைப் பார்த்தாள். ஆறு வயது. விபத்தன்று பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"அம்மா, இந்த மஞ்சள் பொம்மைய நான் பாத்திருக்கேன். அன்னைக்குக் கம்பத்துல இடிக்கும்போது அப்பா போன்ல இதைத்தான் பாத்துக்கிட்டே ஓட்டினாரு."