ஆளி வயல் நெடுஞ்சாலை

ப்ரோடினா என்னும் கோதுமைக் கிராமத்தையும் கூழைக்கடா ஏரிக்கரைக் குடியிருப்புகளையும் இணைத்து, இருபத்திரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மாகாண நெடுஞ்சாலை செல்கிறது. செல்கிறது என்பது நெடுஞ்சாலைத் துறையின் வரைபடம் சொல்வது. உள்ளபடி, ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, செனான் மகோவ்ஸ்கியின் நிலத்தை ஒட்டிய ஒன்றரைக் கிலோமீட்டரில் தான் ஒரு சாலை என்ற நினைப்பையே கைவிட்டிருந்தது. அங்கே பள்ளங்களில் காட்டுவாத்துகள் நீந்தின. செனான் புகார் எழுதினார். "தாங்கள் குறிப்பிடுபவை பள்ளங்கள் அல்ல, மீள்திறன் மிக்க, சூழலுக்கு இணக்கமான இயற்கை வேகத்தடைகள்" என்று பதில் வந்தது. அந்த வருடம் துறையில் 'மீள்திறன்' என்ற சொல்தான் மோஸ்தர்.

ஆகவே ஜனங்கள் செனான் ஆளிவிதை பயிரிட்டிருந்த வயலில் இறங்கி ஓட்டினார்கள். முதலில் இறங்கியது பாதிரியாரின் கார். பாதிரியாரே போகிறாரே என்று ஊர் போயிற்று. ஊருக்குப் பின்னால் ஏரிக்கரைக்காரர்கள் படகுகளை இழுத்துக்கொண்டு போனார்கள். முதல் வருடம் ஒரு வண்டி அகலமாக இருந்த தடம் மூன்றாம் வருடத்தில் நாலு வண்டி அகலமாயிற்று.

அந்தப் பக்கத்து மரியாதை என்னவென்றால், வழியில் யாரைப் பார்த்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை ஓர் அங்குலம் தூக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் அலட்டல்; தூக்காவிட்டால் பகை. பயிரை மிதித்துப் போன ஒவ்வொருவரும் தவறாமல் விரலைத் தூக்கினார்கள். விரல் தூக்கியவரைத் திட்ட ப்ரோடினாவில் வழி கிடையாது. செனானும் வயிறு எரிய எரிய வரப்பில் நின்று விரலைத் தூக்கினார். அவருடைய அப்பா கல் பொறுக்கித் திருத்திய நிலம் அது. அவருக்கு இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

"இந்த வருஷம் எவ்வளவு போச்சு?" என்று கேட்டாள் மனைவி ஓரிசியா.

"அஞ்சு ஏக்கர்."

"வாயத் தொறந்து போகாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? எல்லாரும் விரலத் தூக்கறாங்களே!"

"அப்ப மிச்ச நிலத்தையும் அந்த விரலுக்கே எழுதிக் குடுத்துடு."

செனானுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. சாலையைச் சரிசெய்தால் ஜனங்கள் வயலைவிட்டுப் போவார்கள். மறுபடி எழுதினார். ஜூலையில், ஆளி நீலமாகப் பூத்திருந்த சமயத்தில், துறையின் பயன்பாட்டு மதிப்பீட்டு அலுவலர் கார்மன் ஹிக்ஸ் வந்து, சாலையின் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் போட்டார். மேலே ஏறும் வண்டிகளை அது எண்ணும். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தார்.

"பதினாலு நாள்ல மூணு வண்டி சார். அதுல ரெண்டு நான் வந்ததும் போனதும்."

"ரோடு சரியில்லாததாலதான் யாரும் போறதில்ல."

"அதையேதான் நானும் சொல்றேன். யாரும் போறதில்ல. போகாத ரோட்டுக்கு எப்படி சார் செலவு பண்றது?"

"இந்தப் பக்கம் பாருங்க! என் வயல்ல எத்தன வண்டி போகுதுன்னு பாருங்க!"

ஹிக்ஸ் பார்த்தார். நீலப் பூக்களுக்கு நடுவே ஒரு படகு கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அது சாலை இல்லையே சார். வயல்ல போறத எண்ண எனக்கு அதிகாரம் கிடையாது."

மன்றாடியதில் ஆகஸ்டில் மறு கணக்கெடுப்புக்கு அனுமதி கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போது செனான் கூச்சத்தோடு எழுந்து, இரண்டு வாரம் மட்டும் சாலையிலேயே ஓட்டும்படி கேட்டுக்கொண்டார்.

"அது ஏமாத்தற மாதிரி ஆகாதா?" என்றாள் பக்கத்து நிலத்துக்காரி வில்மா ஷெல்.

"ரோட்டுல ஓட்டறது ஏமாத்தறதா?"

பாதிரியார் யோசித்து, சாலையில் ஓட்டுவது பாவமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். எத்தனை முறை ஓட்டலாம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. மறுநாள் முதல் ஊரே குழாயின் மேல் ஏறி இறங்கியது. வில்மா தன் அறுவடை இயந்திரத்தை ஒரே நாளில் நாற்பது தடவை ஓட்டினாள். கோதுமை ஏற்றாத லாரிகளும் கோதுமை ஏற்றிய லாரிகளும் இருபத்திரண்டு கிலோமீட்டரும் ஓடித் திரும்பின. கணக்கு பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.

ஹிக்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "வாழ்த்துகள் சார். மாகாணத்துக்கே இன்றியமையாத சாலை இது."

"அப்ப சரி பண்ணுவீங்களா?"

"சரி பண்றதா? இவ்வளவு போக்குவரத்துக்கு இப்படி ஒரு சாலை பெரிய ஆபத்து. இந்தப் பகுதிய உடனே மூடணும்."

"மூடிட்டா ஜனங்க எப்படிப் போவாங்க?"

"மாற்றுப் பாதை இருக்கே. மூணு வருஷமா மக்கள் பரிசோதிச்சு ஏத்துக்கிட்ட, மக்களை மையமாகக் கொண்ட பாதை." ஹிக்ஸ் ஆளி வயலைப் பார்த்து நின்றார்.

"அது வயல்! அதுல போறத எண்ண அதிகாரமே இல்லன்னு சொன்னீங்களே?"

"அப்ப அது மாற்றுப் பாதை இல்லையே சார்."

செப்டம்பரில் தடம் விழுந்த நிலத்தைத் துறை எடுத்துக்கொண்டது. மாற்றுப் பாதையின் திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டினார்கள், ஊரே வந்து கைதட்டியது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது செனான் மறுக்கத் தெரியாமல் எல்லோருக்கும் நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதார். மிச்ச நிலத்துக்கு நாலு வரிசை முள்வேலி போட்டார்.

அடுத்த வசந்தத்தில் பனி உருகியது. பதினோராயிரம் வண்டிகளின் கனம் தாங்காமல், நெடுஞ்சாலை இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வில்மாவின் ஓட்ஸ் வயலை ஒட்டி உள்வாங்கியது. மே மாதக் கடைசியில் செனானும் ஓரிசியாவும் ஏரிக்கரைக்குப் போகும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடுத்த பள்ளத்துக்கு முன் செனான் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

வில்மா ஓடி வந்தாள். "செனான், நீயுமா? நேத்துதான் முளை விட்டிருக்கு!"

"என்ன பண்றது வில்மா? ரோடு இருக்கிற லட்சணத்துல மனுஷன் ரோட்டுல ஓட்டுவானா?"

வண்டி குலுங்காமல் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் செனான் திருப்தியோடு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நல்ல கெட்டியான மண்ணு, ஓரிசியா. ஹிக்ஸுக்கு ஒரு வரி எழுதிப் போடணும்."