கிளாம்ப் அண்ணையின் துவக்கு லைற்

துவக்கு வாங்குவதற்கு முன்பே அதில் லைற் பூட்டும் கிளாம்பை வாங்கிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கனடாவில், ஸ்காபரோவில் எங்களோடு வேலை செய்தார்.

பெயர் கிளாம்ப் அண்ணை. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தொழிற்சாலையில் மெஷின் திருத்துவது அவர் வேலை. கழன்றது, ஆடியது, இனிமேல் ஆடப்போவது எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க அவரிடம் ஒரு கிளாம்ப் இருக்கும். குடையைத் தோள்பையில் கிளாம்ப் பண்ணிவிட்டு, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துத் தேநீர் குடித்தபடி மழையில் பஸ்ஸுக்கு நின்றதை நானே கண்டிருக்கிறேன்.

மோர்னிங்சைட் அடுக்குமாடி வீட்டை விற்று, ஒஷாவாவுக்கு வடக்கே தோட்டத்தோடு வீடு வாங்கியதும் பத்துக் கோழி வளர்த்தார். கயோட்டி என்கிற ஓநாய்ச் சாதி ஒன்று வந்து மூன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அண்ணை அறிவித்தார்.

"தம்பி, ஒரு பம்ப் ஷொட்கன் எடுக்கப் போறன்."

இடது கையால் முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் ரகத் துப்பாக்கி அது. எந்தத் துவக்கு என்று முடிவுசெய்ய அவருக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. லைற்றை எந்த இடத்தில் பூட்டுவது என்பதற்குப் பதினொரு மாதம் எடுத்தது.

"மேல்குழல்லை பூட்டினா சுவிச்சுக்குக் கை எட்டாது. கீழ்க்குழல்லை பூட்டினா பம்ப் இழுக்கேக்கை முட்டும். முன்பிடியோடை லைற் சேர்ந்து வாறதும் இருக்கு. ஆனா இழுக்க இழுக்க வெளிச்சமும் ஆடும். கோழியள் தலைசுத்தி விழுந்திடும்."

"அண்ணை, ரோச் லைற்றைக் கையிலை பிடிச்சா என்ன?"

"பம்புக்கு ஒரு கை, விசைக்கு ஒரு கை. மூண்டாவது கைக்கு நான் ஆரிட்டைப் போறது?"

வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதை முன்னும் பின்னும் இழுத்து, நாலு விதக் கிளாம்பைச் சோதித்தார். வெடி உதைக்கும்போது கழன்றுவிடுமோ என்று பார்க்கத் தடியின் அடியைச் சுவரில் ஓங்கி இடித்தார். கிளாம்ப் அசையவில்லை. சுவர்தான் உடைந்தது.

இதற்கிடையில் துவக்கு வகுப்பிலும் பாஸ் பண்ணிவிட்டார். இனி லைசன்ஸ் படிவத்தில், இவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவராய் என்னைப் பிடித்தார். அன்று பின்னேரமே அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, போன் எடுத்தார்.

"தம்பி, கடவுளாணை சைன் மட்டும் வைச்சுப்போடாதையும். குப்பைப் பையைக் கரடியெண்டு பொலிசுக்குப் போன் அடிச்ச மனுசன் இவர். கையிலை துவக்கும் வந்தா ஆரையாவது சுட்டுப்போட்டு வந்து நிப்பார்."

அக்கா சொன்னதில் பொய்யே இல்லை. போட்டால் யாருடைய உயிராவது போகலாம். போடாவிட்டால் பன்னிரண்டு வருடப் பழக்கம் போய்விடும். இரண்டு நாள் யோசித்தேன்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நவம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மேசையில் படிவமும் பேனையும் தயாராக இருந்தன.

"முதல் ஒருக்கா ரிகேர்சலைப் பாரும். பிறகு சைன் வையும்" என்று லைற் பூட்டிய தும்புத்தடியைத் தூக்கினார் அண்ணை.

அந்த நேரம் பார்த்துக் கோழிக்கூட்டுப் பக்கம் ஏதோ சரசரத்தது.

"வந்திட்டுது!"

வெறுங்காலோடு ஓடினார். பின்னால் நான். தடியைத் தோளில் வைத்து, குறிபார்த்து, லைற்றை அமுக்கினார். கறுப்பு ஜாக்கெட்டோடு குந்தியிருந்து அக்கா முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, என்னைத் தும்புத்தடியாலை சுடப்போறியளோ?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. தடியின் நுனி இன்னும் அக்காவின் முகத்துக்கு நேரே இருந்தது. வெளிச்சமும் அங்கேதான் விழுந்தது.

"தம்பி, ஆரெண்டு பார்க்கத்தானே லைற் பூட்டினனான். பார்க்கிறதுக்கே ஆளுக்கு நேரை துவக்கை நீட்ட வேண்டிக்கிடக்கே."

பதினொரு மாதமாய் நாலு கிளாம்பை ஆராய்ந்தவருக்கு இது தோன்றவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

உள்ளே வந்து படிவத்தை நாலாகக் கிழித்தார். அக்கா அவருடைய தேநீரில் இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டார். அடுத்த நாள் கோழிக்கூட்டுக் கதவில் நாலு கிளாம்பும் ஏறின. இனிக் கயோட்டி வருவதென்றால் ஸ்பனரோடுதான் வர வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை இரவு நான் கிளம்பும்போது அண்ணை கார்வரை வந்தார்.

"மெய்யைச் சொல்லும். சைன் வைச்சிருப்பீரோ?"

"இல்லை அண்ணை. அதை உங்களுக்கு நேரை சொல்லத்தான் வந்தனான்."

அவர் என் கையைப் பிடித்தார்.

"நல்ல காலம், உம்மிட்டைக் கேட்டன்" என்றார்.

கூடப்பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு இவரைத்தான் அதிகம் பிடித்திருக்கும்.