தொலைய விடாத ஊசிக்காரர்

எங்காவது போய்த் தொலைந்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், பிள்ளைகளே, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள், திருப்பூருக்கு மட்டும் வராதீர்கள். இங்கே ஊசிக்காரர் இருக்கிறார். அவர் இருக்கும் ஊரில் இதுவரை ஒருத்தரும் முழுசாகத் தொலைந்ததில்லை. நானும் முயற்சி செய்து பார்த்தேன். மூன்று மணி நேரம்தான் தாக்குப்பிடித்தேன்.

அவருக்கும் வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்யும். எங்கள் பனியன் கம்பெனியில் யாருக்கும் அது தெரியாது. ஊசி ஸ்டோர் அவர் பொறுப்பு என்பதால் ஊசிக்காரர், அவ்வளவுதான். சட்டைப் பையில் ஒரு காந்தம், கையில் ஒரு செல்லோ டேப், அக்குளில் ஒரு தடித்த ரிஜிஸ்டர். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் இந்த மூன்றும் கூட வரும்.

அந்த ரிஜிஸ்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் புது ஊசியை உடனே தந்துவிட மாட்டார்கள். உடைந்த துண்டு அத்தனையும் கிடைக்க வேண்டும். ஏனென்றால் நாங்கள் தைக்கிற பனியன் எங்கேயோ கண்காணாத தேசத்தில் உங்களை மாதிரி ஒரு குழந்தையின் உடம்புக்குப் போகிறது. அதற்குள் ஊசி முனை இருந்தால் என்ன ஆகும்? அதனால் துண்டுகளைத் தேடி எடுத்து, முழு ஊசியாகச் சேர்த்து வைத்துப் பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, தைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை லைன், அதாவது அந்த வரிசை மிஷின் அத்தனையும், நிற்கும். எல்லாக் கம்பெனியிலும் இது விதி. ஊசிக்காரருக்கு இது வேண்டுதல்.

ஒரு சனிக்கிழமை என் ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தது. மூன்று துண்டில் இரண்டு கிடைத்துவிட்டது. முனையைக் காணோம். லைனை நிறுத்திவிட்டு முப்பது பேரும் தரையில் தவழ்ந்தோம். ஷிப்மெண்ட் போகிற நாள். சூப்பர்வைசர் அழாத குறை.

ஊசிக்காரர் மட்டும் தரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க திருநெல்வேலி, கொஞ்சம் தலையக் குனியுங்க."

என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அவருக்கு நான் திருநெல்வேலி.

"எதுக்குங்க?"

"குனியுங்க, சொல்றேன்."

குனிந்தேன். காந்தத்தை என் தலைமுடிக்குள் விட்டு ஒரு துழாவு துழாவினார். டக் என்று ஒரு சத்தம். முனை கிடைத்துவிட்டது. தலையில் எண்ணெய் அப்பி வருவதன் பலன் அன்றைக்குத்தான் தெரிந்தது. லைன் முழுக்கச் சிரித்தது. ஷிப்மெண்ட் அவசரத்தில் ரிஜிஸ்டர் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று லைனை ஓட்டினார்கள்; வேலை முடிந்ததும் நான் வெட்கத்தில் அதைப் போடாமலே வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு எனக்கும் ஆசை வந்தது. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன், பன்னிரண்டாவது எழுதினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு நடக்கிற ஒரு சென்டரில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். ஏன் வரலாறு என்றால் அதில் கணக்கு இல்லை. என் மகள் ஆறாம் வகுப்பு, நான் பி.ஏ. முதல் வருஷம். இரண்டு பேரும் ஒரே கடையில் புத்தகப் பை வாங்கினோம். அவளுடைய பையில் பூப்படம் இருந்தது, என்னுடையதில் இல்லை. அதுதான் வித்தியாசம்.

சேரும்போது நாற்பது பேர் இருந்தோம். எல்லாரும் பனியன் கம்பெனி ஆட்கள். ஆர்டர் குவிந்ததும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நான் தலை குனிந்து நின்ற சனிக்கிழமைக்கு மறுநாள் சென்டர் சார் வகுப்புக்குள் வந்தார்.

"பன்னெண்டு பேராவது இருந்தாத்தான் இங்க வகுப்பு. எந்த ஞாயித்துக்கிழமை ஒரு தலை குறைஞ்சாலும் கோயமுத்தூர் சென்டரோட சேர்த்துருவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

கோயமுத்தூருக்குப் போய்ப் படிக்க எங்களில் ஒருத்தராலும் முடியாது. சார் எண்ண ஆரம்பித்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. அதோடு நின்றது அவர் விரல்.

அப்போது வாசலில் ஊசிக்காரர். அக்குளில் ரிஜிஸ்டர்.

"பன்னெண்டு," என்றார் சார். "லேட்டா வராதீங்க. உக்காருங்க."

ஊசிக்காரர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். இவரும் நம்மோடுதான் சேர்ந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றையிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி.

மதியமே வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். பேர், 'ஊசி ரிஜிஸ்டர்'. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் குரல் வரும். "எல்லாரும் லொகேசன் போடுங்க கண்ணுகளா." போடாவிட்டால் போன். எடுக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குப் போன். விதி ஒன்றே ஒன்று. ஒரு ஆள் குறைந்தாலும் பாடம் தொடங்கக் கூடாது, மீதிப் பேர் எல்லாரும் சேர்ந்து போய் எடுத்து வர வேண்டும்.

"துண்டு கெடைக்காம லைன் ஓடாதுங்க," என்பார்.

கட்டிங் மாஸ்டர் செல்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லொகேஷனை அணைத்துவிட்டான். கடைசியாகக் காட்டிய இடம் அவிநாசிபாளையம். நாங்கள் பத்துப் பேரும் ஊசிக்காரரும் பஸ் ஏறிப் போய் விசாரித்தால், வெள்ளைச் சட்டை போட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த பஜ்ஜி தட்டுக்கே திரும்பிவிட்டது.

பெண்ணின் அப்பா எழுந்தார். "நீங்கெல்லாம் யாருங்க? மாப்பிள்ளைக்குச் சொந்தமுங்களா?"

"கூடப் படிக்கிறவங்க சாமி," என்றார் ஊசிக்காரர், ஜமுக்காளத்தில் இடம் பிடித்தபடியே. "நீங்க பேசி முடிங்க, நாங்க இப்படி ஓரமாப் பாடத்த முடிச்சுக்கறோம். செல்வம், பிரெஞ்சுப் புரட்சிக்கு நாலு காரணம் சொல்லு கண்ணு."

செல்வம் மூன்று சொன்னான். நாலாவது வரவில்லை. வியர்வைதான் வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ரொட்டி வெல ஏறுனதை உட்டுட்டாருங்க."

பெண்ணும் பி.ஏ. வரலாறு முடித்தவள். பேச்சு முடிந்ததும் செல்வத்தையும் இழுத்துக்கொண்டு, சார் எண்ணும் நேரத்துக்குள் சென்டருக்கு ஓடினோம். அடுத்த மாதம் கல்யாணம். அந்தத் தங்கச்சி பேர் மலர்விழி. மறுநாளே குரூப்பில் சேர்த்துவிட்டார் ஊசிக்காரர். எங்களுக்கு மாதம் ஒரு பரீட்சை வைத்து, இரக்கமே இல்லாமல் திருத்தியது அந்தத் தங்கச்சிதான்.

படிக்க நேரம் ஏது என்று நாங்கள் புலம்பியபோது அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு பாடத்தைப் படித்து, போனில் பேசிப் பதிவு செய்து குரூப்பில் போட வேண்டும். மற்றவர்கள் அதைத் தைத்துக்கொண்டே காதில் மாட்டிக் கேட்க வேண்டும். பேசுவதற்கு மதிய இடைவேளைதான் கிடைக்கும். பக்கத்து லைனில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் பிரெஞ்சுப் புரட்சி முழுக்க ஓவர்லாக் சத்தத்தோடுதான் நடந்தது. "மன்னனை... டுர்ர்ர்ர்... சிறை பிடித்தனர்."

இவ்வளவு இருந்தும் ஒரு நாள் நான் தொலைந்துபோனேன். சென்டரில் முதல் டெஸ்ட் பேப்பர் கொடுத்தார்கள். இருபத்தைந்துக்கு நாலு. அதே வாரம் என் மகள் வரலாற்றில் இருபத்தி மூன்று வாங்கியிருந்தாள். என் பேப்பரைப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, அடுத்த தடவை வாங்கிரலாம்," என்று என் முதுகைத் தட்டினாள். நான் அவளிடம் எப்போதும் சொல்லுகிற அதே வார்த்தை. எனக்குத் தாங்கவில்லை. நம் தலைக்கு எண்ணெய்தான் ஏறும், படிப்பு ஏறாது என்று முடிவு செய்து குரூப்பிலிருந்து வெளியேறினேன். போனை அணைத்தேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு திருப்பூர் ராயபுரத்தில் என் வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"கேட்டா ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லு," என்றேன் என் மனைவியிடம்.

"எந்தப் பஸ்ஸுல போனியன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாரு."

கேட்டார். அவள் சொன்ன பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"சரிங்கம்மிணி," என்றார் ஊசிக்காரர். "ஒரு முனை இங்கதான் உளுந்திருக்குது. கெடைக்கற வரைக்கும் கிளாஸ் இங்கதானுங்க."

பத்துப் பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சென்டர் சாருக்குப் போன் பேசி, எண்ணுகிற நேரத்துக்குள் வந்துவிடுகிறோம் என்றும் சொன்னார். சார் எப்போதும் பதினோரு மணிக்குத்தான் எண்ண வருவார். கட்டில் மேல் நாலு பேர் உட்கார்ந்ததில் பலகை என் மூக்கைத் தொட்டது. என் மனைவி டீ போட்டாள். ஒன்பதரைக்கு இன்னொரு டீ. பத்தேகாலுக்கு மூன்றாவது. புரட்சி முடிந்து நெப்போலியன் வந்துவிட்டான்.

பத்தே முக்காலுக்கு ஊசிக்காரர் மெதுவாக, "அம்மிணி, இன்னுங் கொஞ்சம் டீத்தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"கட்டிலுக்கு அடியில கெடக்காவ," என்றாள் என் மனைவி. "எடுத்துட்டுப் போங்க. பால் தீந்துட்டு."

செல்வம் என் காலைப் பிடித்து இழுத்தான். எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஊசிக்காரர் சிரிக்கவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினார். தேதி எழுதினார். 'முழுதும் கிடைத்தது' என்று எழுதி என் பக்கம் நீட்டினார்.

"இந்தத் தடவ கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எந்திரிக்கோணும்."

போட்டேன். சென்டருக்கு ஓடினோம். பதினோரு மணிக்கு சார் எண்ணினார். பன்னிரண்டு.

வருஷக் கடைசியில் ஹால் டிக்கெட் வந்தது. சார் ஒவ்வொரு பேராகப் படித்துக் கொடுத்தார். பதினொன்று கொடுத்ததும் அவர் கை காலியாகிவிட்டது. ஊசிக்காரர் பெஞ்சுக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"உங்க பேர் என்னங்க?" என்றார் சார். ஒரு வருஷமாக எண்ணியவர் முதல் தடவையாகப் பேர் கேட்டார்.

"எம்பேரு அதுல இருக்காதுங்க. நான் சேரவே இல்லீங்களே. நான் படிச்சது எட்டாவதுங்க."

"அப்புறம் எதுக்கு வருஷம் பூரா வந்தீங்க?"

"திருநெல்வேலிகிட்ட ஒரு கையெழுத்து வாங்க வந்தனுங்க. நீங்க பன்னெண்டுன்னு எண்ணிப்போட்டீங்க. எந்திரிச்சுப் போனா பதினொண்ணு ஆயிருமுங்க. அப்பறம் எந்திரிக்கவே நேரம் கெடைக்கலீங்க."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் தலையைத்தானே எண்ணினேன், தலை இருந்துச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பரீட்சைக்கு ஊசிக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று எங்களை எண்ணி உள்ளே அனுப்பினார். உள்ளே எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே 'டுர்ர்ர்' என்று மிஷினை ஓட்டினேன். புரட்சி கடகடவென்று வந்தது. மூன்று பெஞ்சு தள்ளிச் செல்வமும் டுர்ர்ர். கண்காணிப்பாளர் வண்டு புகுந்துவிட்டது என்று ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். பதினொரு பேரும் பாஸ். நான் ஐம்பத்தொன்று. என் மகள் மறுபடியும் முதுகைத் தட்டினாள். இந்த முறை வலிக்கவில்லை.

இரண்டாம் வருஷத்தில் புதிதாக ஆட்கள் சேர்ந்ததால் வகுப்பை இரண்டு வருஷத்துக்கும் சேர்த்தே எண்ணினார்கள். பன்னிரண்டு என்ற பயம் போனது. முதல் ஞாயிறு காலை எட்டு மணி ஆனது. குரூப்பில் குரல் வரவில்லை. நான் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார்.

பதினொரு பேரும் மலர்விழித் தங்கச்சியும் பாடத்தை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனோம். ஊசி ஸ்டோரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, துடைத்த ஊசிப் பெட்டியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க எல்லாரும் இங்க? கிளாஸுக்கு நேரமாச்சு பாருங்க. இப்பத்தான் ஆள் சேந்திருச்சல்லங்க. நான் எதுக்கு?"

"துண்டு கெடைக்காம லைன் ஓடாதுங்க," என்றேன்.

மலர்விழி மேசை மேல் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு விண்ணப்பத்தை வைத்தது. அவர் அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குக் கணக்கு வராது கண்ணு," என்றார், சின்னக் குரலில்.

"தலையக் குனியுங்க," என்றேன்.

மறுபேச்சுப் பேசாமல் குனிந்தார். என் கையோடு வந்தது ஒரே ஒரு நரைமுடி. ரிஜிஸ்டரில் என் ஒட்டடைக்குப் பக்கத்திலேயே வைத்து, டேப் போட்டு ஒட்டினேன். தேதி எழுதினேன். பேனாவை அவர் கையில் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார், விண்ணப்பத்திலும் போட்டார்.

அவர் பேர் என்னவென்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை அவர் யாருக்கும் திறந்து காட்டுவதில்லை, அதனால் நானும் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது எத்தனை பேர் இருந்தாலும் நான் எண்ணும்போது அவரைத்தான் முதலில் எண்ணுகிறேன்.