கோளாறே இல்லாத பம்பு

“என்ன சார் இது, உங்க அறிக்கையில பழுதுக்குன்னு விட்ட கட்டத்துல வெறும் முட்டையா இருக்கு?”

கணக்கு அதிகாரி விரல் வைத்த இடத்தைப் பொறியாளர் எட்டிப் பார்த்தார். முட்டைதான்.

“பழுதே ஆகலை சார். அதான் பூஜ்யம்.”

“எட்டு மாசத்துல ஒரு தடவைகூடவா? மனுஷனுக்கே நடுவுல ஒரு சளி, காய்ச்சல் வருது. கழிவை அரைச்சுத் தள்ற பம்புக்கு ஒண்ணுமே வரலையா? மூணு மணிக்கு ஊராட்சி மன்றக் கூட்டம். சிரிப்பா சிரிச்சுடுவாங்க.”

பொறியாளருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்தார், போவதற்கு இடம் இல்லாததால் மறுபடி உட்கார்ந்தார். தற்காலிக வேலையில் ஆறு வருடம் ஓட்டியாகிவிட்டது. இந்த அறிக்கையை மன்றம் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். ஏற்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து வீட்டில்தான் அவர் நிரந்தரம்.

விஷயம் இவ்வளவுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உள்ள சின்ன ஊர். கழிவுநீருக்குக் குழாய் போட வேண்டும். தெருவை ஆழமாகத் தோண்டிப் பெரிய குழாய் பதித்தால் கழிவு சரிவில் தானாக ஓடிவிடும். வீட்டுக்கு வீடு ஒரு பம்பு வைத்தால் மேலாகச் சின்னக் குழாய் போதும். நாற்பது வருடக் கணக்கில் எது மலிவு?

சோதித்துப் பார்க்க இரண்டு வீடுகள் தேவைப்பட்டன. வாசலைத் தோண்டுவதற்கு ஊரில் ஒருவரும் மசியவில்லை. “என் மாப்பிள்ளை கேட்டு நான் இல்லைன்னு சொல்றதா?” என்று முன்வந்தவர் பொறியாளரின் மாமியார். பம்பு அவர் வீட்டுக்குப் போனது. அவர் நச்சரித்ததில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சரிவுக் குழாய்க்குத் தலையாட்டினார்.

எட்டு மாதத்தில் தையல்காரர் வீட்டுக் குழாயில் ஏழு முறை அடைப்பு. இத்தனைக்கும் அங்கே இருப்பது நாலே பேர். மாமியார் வீட்டிலோ ஏழு பேர், அடைப்பும் இல்லை, பழுதும் இல்லை. “பம்பு இருக்கிற இடமே தெரியலை மாப்பிள்ளை, சத்தங்கூட இல்லை” என்று மாமியார் மாதாமாதம் பூரித்துப்போவார். மின்சாரச் செலவு ஒரு டீக்குக்கூடக் காணாது.

“நம்பற மாதிரி கொஞ்சம் பழுது சேர்த்துக்குங்க சார்” என்றார் கணக்கு அதிகாரி.

பொறியாளர் வருடத்துக்கு இரண்டு என்று தட்டினார். கணினி அதை வீடுகளால் பெருக்கி, வருடங்களால் பெருக்கி, கிட்டத்தட்ட இருபத்தைந்தாயிரம் பழுது என்று காட்டியது. ஊரில் தினமும் ஏறக்குறைய இரண்டு பம்பு படுத்துக்கொள்கிறது! மலிவாக இருந்த திட்டம் ஒரே நொடியில் யானை விலைக்குப் போய்விட்டது.

“ஐயையோ, ரெண்டு வேண்டாம். நாலு வருஷத்துக்கு ஒண்ணு.”

“எதை வச்சு சொல்றீங்க?”

“எதை வச்சுன்னா... ஒரு தடவை லேசா மக்கர் பண்ணுச்சு. நானே போய் பிரிச்சு சரி பண்ணிட்டேன்.”

“எட்டு மாசத்துக்கு ஒண்ணுன்னா நாலு வருஷத்துக்கு ஆறு ஆச்சே சார்!”

பொறியாளர் மறுபடி எழுந்தபோதுதான் மன்றத் தலைவி வாசலில் நிற்பது தெரிந்தது.

“நீங்களே பிரிச்சு சரி பண்ணீங்களா? பரவாயில்லையே! அந்த வீட்டம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் போய் பார்த்துட்டு வந்துடுவோம்.”

பொறியாளர் வராந்தாவுக்கு ஓடி மாமியாருக்குப் போன் போட்டார்.

“அத்தை, தலைவி அங்க வர்றாங்க. கேட்டா, பம்பு ஒரு தடவை கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“என்ன மாப்பிள்ளை பேசறீங்க! உங்க பம்பை என் வாயால கெட்டுப்போச்சுன்னு சொன்னா நாக்கு அழுகிடும்.”

“நான்தானே அத்தை சொல்லச் சொல்றேன்!”

“நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. அதுக்காக நான் உங்களை விட்டுக்கொடுத்துடுவேனா?”

மாமியார் போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

இரண்டு மணிக்குத் தலைவி, உறுப்பினர்கள், கணக்கு அதிகாரி எல்லோரும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். பொறியாளர் மட்டும் நிற்காமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

“ஒரு தடவை கெட்டுதாமே?” என்றார் தலைவி.

“யார் சொன்னது?” மாமியார் சீறினார். “ஒரு தடவைகூடக் கெடலை. யாரும் அதைப் பிரிக்கவும் இல்லை. அப்படியே வந்தது வந்தபடி இருக்கு!”

கணக்கு அதிகாரி பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் வானத்தைப் பார்த்தார். ஆறு வருடமும் போச்சு என்று நினைத்தார்.

ஆனால் தலைவி சிரித்துவிட்டார். “நல்லா ஓடற பம்பை யாராவது கெட்டுதுன்னு சொல்வாங்களா? இவ்வளவு தன்னடக்கம் ஆகாது சார். முட்டையே இருக்கட்டும். மெஷினைக் காட்டுங்கம்மா.”

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கழிவறையைத் திறந்தார். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் கடை ஸ்டிக்கர்கூட உரியாமல் இருந்தது.

“எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க!” என்று உறுப்பினர்கள் வியந்தார்கள்.

தலைவி தொட்டியின் பொத்தானை அழுத்தித் தண்ணீர் விட்டார். வாசலில் பம்பு ‘டர்ர்ர்’ என்று ஓடியது.

“ஐயோ, என்ன சத்தம் அது?” என்று மாமியார் துள்ளி விலகினார்.

“பம்புதான் அத்தை” என்றார் பொறியாளர். அவர் கண் தொட்டியின் ஸ்டிக்கர்மேல் போனது. ஆனால் தலைவி ஏற்கெனவே பேனாவைத் திறந்திருந்தார்.

“முடிவு பண்ணிட்டேன். ஊர் முழுக்க பம்புதான். சார், உங்க நிரந்தர உத்தரவும் இன்னைக்கே.”

காலையிலிருந்து முதல் தடவையாகப் பொறியாளர் ஒரு நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தார்.

கூட்டத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு மதில்மேல் எட்டிப் பார்த்தார். தலைவிக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“பாவம், ஏழு அடைப்பாமே! கவலைப்படாதீங்க. முதல் பம்பு உங்களுக்குத்தான்.”

தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “எனக்குப் பம்பெல்லாம் வேண்டாம்மா, மாப்பிள்ளை மெஷின் தேஞ்சிடக் கூடாதுன்னு எட்டு மாசமா எங்க வீட்டுக் கக்கூசுக்கே வந்துட்டிருக்கிற இந்த ஏழு பேரையும் அவங்க வீட்டுலயே போகச் சொல்லுங்க, அது போதும்!”