வண்டியை எத்தனை அங்குலம் தூக்கலாம் என்று கேட்ட மச்சானுக்கு

சலைடா, கொலராடோ
மே மாதம், பனி உருகும் காலம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராஸ்கோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை நொரீனின் கணவன் வெர்லின் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், நொரீன், நாய் மூவரும் சுகம். அங்கே நெப்ராஸ்காவில் நீங்களும் ஐடா அக்காவும் உங்கள் மக்காச்சோளமும் நலமென நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. தினமும் ஓட்டுகிற வண்டியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டலாமென்று இருப்பதாகவும், எத்தனை அங்குலம் சரியாக இருக்கும், நீதான் அனுபவப்பட்டவன் என்றும் எழுதியிருந்தீர்கள். ‘அனுபவப்பட்டவன்’ என்பதைக் கேலியாக எழுதவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் சாலை நடுவே உருளைக்கிழங்கை வைத்தால் அது மறுநாளும் உருளாமல் அங்கேயே கிடக்கும், அவ்வளவு சமதளம், அங்கே எதற்கு உயரம் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனாலும் பெண் கொடுத்த வீட்டுக்கு மறுத்துப் பேசக்கூடாது, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நொரீனின் வேலை உங்களுக்குத் தெரியும். மலையடிவாரப் பண்ணை வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பவள், பாதி வீடுகளுக்குப் போகிற பாதையைப் பாதையென்று சொன்னால் பாதைகள் கோபித்துக்கொள்ளும். போன வசந்தத்தில் ஒரு பிரசவத்துக்குப் போகும்போது பாறை ஒன்று வண்டியின் அடிவயிற்றில் குத்தி எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தாள், குழந்தை அதற்குள் முந்திக்கொண்டு அப்பன் கையில் வந்து விழுந்திருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் உங்கள் தங்கை ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, வண்டியைத் தூக்கிக் கட்டிவிடு, ஆனால் கையில் பையோடு ஒரே எட்டில் நான் ஏறணும், என் முட்டி முனகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் டிரம்பெட் ஊதக் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவனுக்கு ஸ்பிரிங்கைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டங்குலம் போதுமென்று நான் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு கஸ் வேலியோரம் வந்து நின்றார். அவருடைய வண்டியில் ஏற ஏணி தேவை, இறங்கப் பிரார்த்தனை தேவை.

“ரெண்டங்குலமா? அதுக்கு நீ தடிமனான சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போயிடலாமே வெர்லின். ஆம்பிளைன்னா நாலங்குலம் ஏத்து, டயரப் பெரிசாப் போடு.”

நாலங்குலம் ஏற்றினால் உங்கள் தங்கையை நான்தான் தினமும் தூக்கி உள்ளே வைக்கவேண்டும், என் இடுப்பு இருக்கிற நிலையில் அது நடக்காது என்றேன். பெட்ரோலும் கூடக் குடிக்கும், வளைவில் சாயும் என்று எங்கோ படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். அப்படிச் சொன்ன கெட்டிக்காரன் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்பிரிங்கை மாற்றாமல் அதன் தலைமேல் தடித்த வளையம் ஒன்றைச் செருகினாலே இரண்டங்குலம் கிடைக்கும், மலிவு என்று ஒரு கடையில் சொன்னார்கள். எனக்கு மலிவு என்ற சொல் காதில் விழுந்தால் மற்ற சொற்கள் விழாது. செருகிக்கொண்டு வந்தேன்.

மச்சான், அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு. ஸ்பிரிங் பழசு, ஷாக் அப்சார்பரும் பழசு, அதுகள் தலையில் தொப்பி மட்டும் புதுசு, சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டி ஒட்டகம் மாதிரி குதிக்கும், நொரீன் கையிலிருந்த காபி அவள் சட்டையிலே, சட்டையிலிருந்து என் மேலே. மூக்கு நிமிர்ந்துவிட்டதால் ஹெட்லைட் வெளிச்சம் நேரே எதிரே வருகிறவன் கண்ணில், வருகிறவனெல்லாம் விளக்கை அணைத்துப் போட்டு நம்மைத் திட்டிக்கொண்டே போகிறான், நான் பதிலுக்குக் கையாட்டிவிட்டு வருகிறேன். சக்கரத்தை நேர்பார்க்காமல் விட்டதில் ஸ்டியரிங் வலப்பக்கமே இழுக்கிறது, தேவாலயத்துக்குப் புறப்பட்டால் பக்கத்திலிருக்கிற மதுக்கடை வாசலுக்குத்தான் போய் நிற்கும், பாதிரியார் இரண்டு தடவை பார்த்துவிட்டார். ஒரு மாதத்திலேயே டயரின் ஓரம் மொட்டை.

நொரீன் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“வெர்லின், வலி எடுத்தவ வண்டிக்காகக் காத்திருக்க மாட்டா.”

மறுநாளே ஒழுங்கான பட்டறைக்குப் போனேன். வளையத்தைக் கழற்றி வீசிவிட்டு, நாங்கள் ஏற்றுகிற சுமைக்கு ஏற்ற புது ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர், அதே இரண்டங்குலம். சக்கரத்தை நேர்பார்த்து, ஹெட்லைட் வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கி, அடியில் ஓர் இரும்புத் தகடும் மாட்டினார்கள். நொரீன் பையோடு வந்து ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தாள். முட்டி முனகவில்லை. என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். நீங்கள் இங்கே இருந்திருக்கவேண்டும்.

போன வியாழக்கிழமை பட்டப்பகலில் மேல்பண்ணை டெலியாவுக்கு வலி எடுத்துவிட்டதாக அவள் புருஷன் கூப்பிட்டான். பனி உருகி ஓடை பாதையை மூடியிருந்தது, அதனால் துணைக்கு நானும் போனேன். ஓடைக்கு இந்தப் பக்கம் கஸ்ஸின் வண்டி பள்ளத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு பிரம்மாண்டமான சக்கரம் ஆகாயத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கஸ் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடி எதுவும் படவில்லை.

நொரீன் வண்டியை நிறுத்தினாள், இன்ஜினை நிறுத்தவில்லை. “பின்னாடி ஏறுங்க கஸ். வழியில எதுவும் பேசாதீங்க.”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறினார். தண்ணீரை இறங்கிப் பார்த்தேன், முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. நடக்கிற வேகத்தில் இறக்கினாள். அடியில் ஒரு பாறை தகட்டில் உரசி நீளமாகக் கிறீச்சிட்டது. என் உயிரும் கூடவே உரசிக்கொண்டு போனது. அப்புறம் மறுகரை. நாங்கள் வாசலை மிதித்துக் கொஞ்ச நேரத்திலேயே டெலியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். அப்பன் கையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நொரீன் திரும்பி வரும்போதுதான் சொன்னாள், சொல்லிவிட்டு வண்டியை ஓரம்கட்டி என் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். பின்சீட்டில் கஸ்ஸும் அழுதார். அவருக்குச் சாய்ந்துகொள்ளத் தோள் இல்லை.

ஆகையால் மச்சான், கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். இரண்டங்குலம், அதற்குமேல் வேண்டாம். வளையம் வேண்டாம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஐடா அக்காவை ஒருதரம் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கொடுங்கள். வாழ்க்கையில் இவ்வளவு தீர்மானமாக யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

உங்கள் வயலில் வேண்டிய மழை பெய்யட்டும், வேண்டாத ஆலங்கட்டி பக்கத்து மாநிலத்துக்குப் போகட்டும். அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிந்த தங்கை புருஷன்,
வெர்லின்

பி.கு. உறையை ஒட்டப் போகையில் நொரீன் வந்தாள். வெள்ளத்தில் ஓடையைத் தாண்டிப்போய் உயிர் காப்பாற்றிய கதை ஊரெல்லாம் பரவி, பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவப் பிரிவைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டுவிட்டார்களாம். திங்கட்கிழமை முதல் வேலை, வழி முழுக்கத் தார்ச்சாலை. ஊழியர்கள் வண்டியைக் கட்டடத்துக்கு அடியிலே நிறுத்தணுமாம், கூரை தாழ்வு. இன்று போய்ப் பார்த்திருக்கிறாள், ஒன்றரை அங்குலம் உயரம் கூடிப்போய், மேலே தொங்குகிற இரும்புக் கம்பி எங்கள் வண்டிக் கூரையை வழித்துவிட்டது. இறக்கிக் கட்ட எவ்வளவு நாளாகும் என்று கேட்கிறாள். நீங்கள் எதுவும் செய்யாதீர்கள் மச்சான். முதலில் அக்கா வேலை எதுவும் மாறுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.