தோல்வியே காணாத சிமெண்ட்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கடுத்த பெரிய காரியம், அந்த எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகம் தோல்வியே இல்லாத சோதனையைக் கண்டுபிடித்ததுதான். நடுவில் நடந்த சில்லறைச் சமாச்சாரங்களை விட்டுவிடலாம்.

இந்தப் பெருமைக்கெல்லாம் மூலகாரணம் நசுக்கியக்கா. சிமெண்ட் கட்டியை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக நசுக்கியதில், பெற்றவர்கள் வைத்த பெயர் முதலில் நசுங்கிப் போயிற்று.

பாறையை விடாப்பிடியாகப் பிடித்திருக்கும் எண்ணெயைக் கழுவி எடுக்க ஒரு புது ரசாயனம் வந்திருந்தது. சோப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதை ஏழாம் எண்ணெய்க் கிணற்றில் இறக்குவதற்கு முன், கிணற்றுக் குழாயைச் சுற்றியுள்ள சிமெண்ட் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். உள்ளே போவது கசிந்து ஊர்க் குடிநீரில் கலக்காமல் தடுப்பது அந்தச் சிமெண்ட்தான். ஏழாம் கிணற்றை ஒட்டிய தெருவில்தான் அக்காவின் அண்ணன் குடும்பம் இருந்தது.

பன்னிரண்டு கட்டிகளை ஒரு மாதம் ரசாயனத்தில் ஊறவைத்தார் அக்கா. வெளியே எடுத்தபோது ஒன்பது கட்டிகள் டீயில் முக்கிய பிஸ்கட்டாகக் கையிலேயே உதிர்ந்தன. உதிர்ந்ததை வாளியில் அள்ளிக்கொண்டு ஆய்வக இயக்குநரின் கூட்டத்துக்கே போய்விட்டார்.

"பன்னெண்டுல ஒம்பது போச்சு சார்."

"எவ்வளவு பாரத்துல போச்சு?"

"பாரமே வைக்கல. தொட்டேன், உதிர்ந்துடுச்சு."

இயக்குநர் வாளிக்குள் மரியாதையோடு எட்டிப் பார்த்தார். "இது தூள்மா. படிவத்துல 'கட்டியின் வலிமை'ன்னுதான் போட்டிருக்கு. மெஷின்ல ஏறாததுக்கு எப்படி மார்க் போடறது? பரீட்சைக்கு வராதவன ஃபெயில்னு சொல்றது பாவமில்லையா?"

"வராம இல்ல சார், செத்தே போச்சு!"

"அனுதாபங்கள். மிச்சம் மூணு?"

"அது நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணும் தொட்டியில மேல் அடுக்குல இருந்துச்சு. மருந்து அதுங்க மேல படவே இல்ல."

"பாத்தீங்களா, மருந்து எவ்வளவு சாதுன்னு!" என்று இயக்குநர் உருகிப்போனார். மூன்றின் சராசரி பிரமாதமாக வந்தது. கூட்டம் கைதட்டியது.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார் அக்கா. "எங்கண்ணன் பிள்ளைங்க அந்தத் தண்ணிய குடிக்குதுங்க."

"அடடா, சொந்தக்காரங்களா? அப்ப நீங்க போடவே கூடாதும்மா, விதி இருக்கு. நல்லவேளை நீங்களே சொன்னீங்க!"

பாரபட்சத்துக்கு இடமில்லாமல் இயக்குநரே கையெழுத்திட்டார். அவருக்கு அந்தத் தெருவில் ஒரு ஈ எறும்புகூடச் சொந்தமில்லை.

ரசாயனம் கிணற்றில் இறங்கிய மூன்றாம் மாதம் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, குழாயத் திறந்தா ஒரே நுரை. உங்க அண்ணி சோப்பே போடாம ஒரு அண்டா துணி துவைச்சுட்டா!"

"சிரிக்காதண்ணே! பசங்களுக்குக் குடுத்தியா?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "சின்னவளுக்கு ரெண்டு நாளா வாந்தி."

"வீட்டப் பூட்டு. இப்பவே கிளம்பி இங்க வா."

அவர்கள் கிளம்பினார்கள். பக்கத்து வீடு கிளம்பியது. எதிர்வீடு கிளம்பியது. மாதம் முடிவதற்குள் தெருவின் பதினேழு கதவிலும் பூட்டு.

மக்கள் நலனில் அக்கறை கொண்ட நிறுவனமல்லவா? உடனே ஒரு 'குடிநீர்த் திருப்திக் கணக்கெடுப்பு' நடத்தியது. அதிகாரிகள் பதினேழு கதவையும் முறைப்படி மும்முறை தட்டி, படிவத்தைப் பூர்த்தி செய்தார்கள். அண்ணன் மகளைத் தோளில் தூங்கவைத்தபடி நசுக்கியக்கா அந்த அறிக்கையைப் படித்தார்: "குடிநீரைப் பற்றிக் குறை சொல்ல அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை."

அதில் ஓரெழுத்துகூடப் பொய்யில்லை. ஒருவர்கூட இல்லாமல் செய்தவர்களுக்குத் தெரியாதா என்ன!